மாமியார் வீட்டில் இருந்துகொண்டே விவாகரத்தைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு

அடி விழுகிற வீடு என்றால் இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் 181க்கு போன் போடுங்கள். பெண்களுக்கான உதவி எண் அது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 112. காயம் பட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலூர்ப் பக்கம் என்றால் அடுக்கம்பாறை. அங்கே டாக்டர் "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டு, நீங்கள் சொல்வதை அப்படியே பதிவேட்டில் எழுதுவார். பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்பதற்காக "மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரியைத்தான் பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் எடுத்து வாசிப்பார். யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டுக்கு ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்) என்று பெயர், அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடி இல்லை, ஆனால் தினமும் ஏதாவது ஒரு சண்டை, "இனிமே இங்க இருக்க முடியாது" என்று ராத்திரி தோன்றுகிறது, காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது "சரி, போகட்டும்" என்று ஆகிவிடுகிறது என்றால், மீதி உங்களுக்குத்தான்.

நான் சத்துவாச்சாரியில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்கீல்கள் கையால் எழுதிக் கொடுப்பதை மனுவாக அடித்துத் தருவது என் வேலை. குடும்ப வழக்குகள்தான் அதிகம் வரும். எனக்கும் விவாகரத்து ஆனது. அதற்கு முன்பு குடியாத்தத்தில் மாமனார், மாமியார், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவள். நான் வக்கீல் கிடையாது. முடிவு எடுப்பதற்கு முன்பு ஒரு பெண் தன் கையால் செய்துகொள்ள வேண்டிய வேலைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சண்டை யாரோடு?

என் கடைக்கு வருகிற மனுக்களில் பத்துப் பக்கம் மாமியாரைப் பற்றியே இருக்கும். சாப்பாட்டில் குறை சொன்னார், அம்மா வீட்டு ஆட்களை மதிக்கவில்லை, பிரிட்ஜைப் பூட்டினார், நாத்தனார் வந்தால் நகையை எடுத்துக் கொடுத்தார். அத்தனையும் நடந்திருக்கும். ஆனால் கணவர் என்ன செய்தார் என்று தேடினால் இரண்டு வரிகூட இருக்காது. மாமியாரை யாரும் விவாகரத்து செய்ய முடியாது. அவர் மேல் தனியாக வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் இந்தக் கல்யாணம் முடியவேண்டுமா என்று நீதிபதி பார்க்கும்போது, கணவர் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்றுதான் முதலில் கேட்பார். கோர்ட்டை விடுங்கள், உங்களுக்கே அதுதான் தெரிய வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு நோட்டுப் போடுங்கள். பிள்ளைகளின் பழைய ரஃப் நோட்டு போதும். சண்டை நடந்த அன்றே தேதி, நேரம், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் பேசின வார்த்தையிலேயே எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி கட்டாயம்: அந்த நேரத்தில் உங்கள் கணவர் எங்கே இருந்தார், என்ன செய்தார்.

என் வீட்டில் தறி இருந்தது. கைலி நெய்கிற குடும்பம். அடுக்களையில் மாமியார் குரல் ஏறும்போது, பக்கத்து அறையில் என் கணவரின் தறிச் சத்தம் நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அப்புறம் மறுபடி தறி ஓட ஆரம்பிக்கும். இதை நான் எழுதி வைத்தபோதுதான், என் அழுகை எல்லாம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது. மாமியார் பேசினது வலிக்காமல் இல்லை. அந்தத் தறி மறுபடி ஓடத் தொடங்கியதுதான் என்னைச் சாப்பிட விடாமல் செய்தது.

ஒன்றிரண்டு மாதம் எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால் உங்களுக்கே தெரியும். சில வீடுகளில் பையன் நல்லவன். காலையில் எட்டு மணிக்கு ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் போய் ராத்திரி வருகிறவனுக்கு நடப்பது பாதி தெரியாது. சில வீடுகளில் அம்மா வாயால் பேசுவதே மகன்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பேச ஓர் இடம்

நம் பக்கத்து வீடுகளில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுக்களை. ஹாலில் மாமியார் படுத்திருப்பார். ரூம் கதவைச் சாத்தினாலே பேச்சாகும். அப்படி வீட்டில் "பேசலாமா" என்று ஆரம்பித்தால் அது கிசுகிசுப்பில் தொடங்கிச் சத்தத்தில்தான் முடியும். வெளியே போய்ப் பேசுங்கள். வேலூர் என்றால் கோட்டைப் பூங்கா இருக்கிறது, அகழி ஓரமாக உட்காரலாம், யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு என்று சொல்லிக் கிளம்பினால் வீட்டிலும் கேள்வி இருக்காது. பைக்கில் போய்க்கொண்டே பேசாதீர்கள். முகம் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் இது.

ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும். "உங்க அம்மா இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் எந்தப் பையனும் அம்மாவுக்கு வக்கீலாகிவிடுவான். "அடுத்த தடவை அத்தை எங்க அம்மாவைத் திட்டினா, நீங்க அந்த இடத்துலயே 'போதும்மா, நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்வீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படியான கேள்வியாக இருக்கட்டும். ஒரு கெடு வையுங்கள்: பொங்கல் வரைக்கும், பிள்ளைகளின் பரீட்சை முடிகிற வரைக்கும். அதுவரை அவர் செய்வதை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள், செய்த நல்லதையும் சேர்த்து.

இதைப் படிக்கிறவர் கணவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்களை அம்மாவோடு சண்டை போட யாரும் கேட்கவில்லை. அம்மா பேசும்போது எழுந்து வந்து மனைவி பக்கத்தில் நிற்பதே பெரிய விஷயம். "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க" என்று நீங்கள் வெளியே கிளம்பிப் போவதைத்தான் பெண்கள் என் கடையில் உட்கார்ந்து சொல்லி அழுகிறார்கள்.

தனிக்குடித்தனம் ஒரு சோதனை

பிரிவதற்கு முன்னால் வீட்டைப் பிரித்துப் பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். முடியாத குடும்பம் என்றால் தனி அடுப்பு, மாடிப் போர்ஷன் என்று அதே வீட்டுக்குள்ளாவது பாருங்கள். என் தங்கை பேர்ணாம்பட்டில் அப்படித்தான் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனாள். அட்வான்ஸ் கட்டக் காதுத் தோட்டை வைத்தாள். இன்றைக்கு அவள் மாமியார் வாரத்துக்கு நான்கு நாள் அவள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அவர்களுடைய சண்டை அடுக்களையோடு நின்ற சண்டை, அடுக்களை இரண்டானதும் அடங்கிவிட்டது.

எனக்கு வேறு மாதிரி ஆயிற்று. காட்பாடியில் வீடு பார்த்து வந்தோம். குறை சொல்ல மாமியார் இல்லை, ஓரகத்தி இல்லை. அவர் தினமும் சாயங்காலம் குடியாத்தம் போய்ச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். பேச ஒருத்தி மட்டுமே இருக்கிற வீட்டிலும் அவர் பேசவில்லை. நான் நினைத்தது சரிதானா என்கிற சந்தேகம் அந்த வீட்டில்தான் தீர்ந்தது.

தனியாகப் போகலாம் என்று கேட்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். தக்க காரணம் இல்லாமல் பெற்றோரை விட்டுப் பிரிந்து வரச் சொல்லிக் கணவரை விடாமல் வற்புறுத்துவது, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவது எல்லாம் கணவருக்குச் செய்கிற கொடுமையாகும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். மாமனார் மாமியாருக்கு மருந்துச் செலவு, மாதப் பணம் எப்படிப் போகும் என்பதையும் நீங்களே சேர்த்துச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கோபத்தில் "செத்துப்போறேன்" என்று அனுப்பாதீர்கள். உண்மையிலேயே அந்த நினைப்பு வந்தால் அதை அவருக்கு அனுப்பவேண்டாம். 104க்குப் பேசுங்கள், அக்கா தங்கை யாரையாவது பக்கத்தில் வரச் சொல்லுங்கள். வழக்கெல்லாம் அதற்குப் பிறகு.

பீரோவைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம்

முடிவு எதுவாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். சேர்ந்து வாழ்ந்தாலும் இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும்போது எடுத்த போட்டோ, திருமணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, உங்கள் மார்க் ஷீட். அசலை எடுக்க முடியாவிட்டால் ஜெராக்ஸ். போனில் போட்டோ எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அந்தப் போனின் பேட்டர்ன் அவருக்குத் தெரியும். ஒரு செட் அம்மா வீட்டில் இருக்கட்டும்.

அடுத்தது செல் நம்பர். உங்கள் ஆதாரில், பாங்கில், பி.எஃப். கணக்கில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்களில் பலருக்குக் கணவருடைய நம்பர்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும். ஏ.டி.எம். கார்டு மாமியாரின் சுருக்குப்பையில் இருக்கும். முதலில் ஆதார் சேவை மையத்தில் உங்கள் நம்பரை மாற்றுங்கள். பிறகு தபால் ஆபீஸிலோ வேறு பாங்கிலோ உங்கள் பேரில் மட்டும் ஒரு கணக்கு. 2023 செப்டம்பரிலிருந்து வருகிற 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவருக்குத்தான். கூட்டுக்குடும்பத்துக் கார்டில் அது பெரும்பாலும் மாமியாருக்குப் போகும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பலரும் மறந்துபோவது மகளிர் குழுக் கடன். மாமனார் மாடு வாங்க, கொழுந்தனார் ஆட்டோ வாங்க என்று உங்கள் பேரில் எடுத்திருப்பார்கள். கையெழுத்து உங்களுடையது. நீங்கள் அம்மா வீட்டுக்குப் போன மறு வாரமே தவணை கேட்டு உங்களிடம்தான் வருவார்கள். எவ்வளவு பாக்கி, பணம் யார் கையில் போனது என்று எழுதி வையுங்கள்.

நகைக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அம்மா வீட்டில் போட்டது, கல்யாணத்தில் மாமியார் வீட்டில் போட்டது, சீர்வரிசைப் பாத்திரம், கட்டில், பீரோ என்று உங்களுக்கென்று கொடுத்தது எல்லாம் உங்கள் சொத்து. 1985லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாமியார் தன் சங்கிலியைக் கல்யாணத்தன்று போட்டுக்கொள்ள இரவல் கொடுத்திருந்தால் அது உங்களுடையது ஆகாது, அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பவுன், இப்போது யாரிடம் இருக்கிறது, அடகில் இருந்தால் எந்தக் கடை அல்லது பாங்கு, எந்தத் தேதி. அடகுச் சீட்டைப் போட்டோ எடுங்கள். "எல்லா நகையையும் வச்சுக்கிட்டாங்க" என்று ஒற்றை வரியில் மனு அடித்துக் கொடுத்தால் என்னால் அடிக்க முடியும், வக்கீலால் நிரூபிக்க முடியாது.

அம்மா வீட்டுக்குப் போவதும் பஞ்சாயத்தும்

"நீயா வெளிய போனா கேஸ் உனக்கு எதிராப் போயிடும்" என்று பயமுறுத்துவார்கள். நியாயமான காரணம் இல்லாமல், சேர்ந்து வாழும் எண்ணமே இல்லாமல், தொடர்ந்து இரண்டு ஆண்டு விட்டுப்போனால்தான் அது விவாகரத்துக்கான காரணம் ஆகும். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்து யோசிப்பது அதில் வராது. போகும்போது எங்கே போகிறேன், ஏன் போகிறேன் என்று கணவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போங்கள். குழந்தையைக் கூட்டிப்போனால் அதையும் சொல்லுங்கள்.

திரும்பி வந்தால் உள்ளே விடமாட்டோம் என்றால், அதற்கும் சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடும்பம் நடத்திய வீட்டில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "வீடு என் பேர்ல இருக்குது" என்று மாமனார் சொல்வதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள், இருக்கத்தான் உரிமை. மாஜிஸ்திரேட் அதற்குப் பதிலாக வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லியும் உத்தரவிடலாம். வயதான பெற்றோருக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்புக் கொடுக்கிறது, அவர்கள் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனுக் கொடுக்கலாம். எனவே மாமியாரைத் தள்ளிவிடுவது, வயதானவர்களுக்குச் சோறு மறுப்பது போன்றவற்றை எந்தக் கோபத்திலும் செய்யாதீர்கள்.

பஞ்சாயத்து வைத்தால் போங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி அடங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு நகையையும் சாமானையும் பற்றி மட்டும் போகாமல், கணவர் தன் வாயால் என்ன ஒப்புக்கொள்கிறார் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒரு பத்திரத்தில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அத்துவிடுவார்கள் பாருங்கள், அதற்கு மட்டும் உடன்படாதீர்கள். உங்கள் சமூகத்தில் காலங்காலமாக அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய அது விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுகல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணம் செல்லாது என்று ஆகி, குழந்தையோடு என் கடை வாசலில் நின்ற பெண்கள் உண்டு. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால், மனுவை வாங்கிக்கொண்டோம் என்று கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே எழுதிக் கொடுப்பதில் நடந்தது மட்டுமே இருக்கட்டும். பெங்களூரில் இருக்கிற நாத்தனார் புருஷன் பேரையும் சேர்க்கச் சொல்லி யாராவது தூண்டுவார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பேர் பொய் என்று தெரிந்தால், உண்மையாக நடந்த மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நடக்காததை அடிக்கச் சொன்னால் நான் அடித்துத் தருவதில்லை.

முடிவு அதுதான் என்றால்

வக்கீல் பீஸுக்குப் பயப்படவேண்டாம். கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் 15100. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019ல் தனி மாவட்டங்கள் ஆனதால், உங்கள் ஊருக்கு எந்தக் கோர்ட்டு என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

இந்து திருமணச் சட்டப்படி, கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் பொதுவாக விவாகரத்து மனுப் போட முடியாது. இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் ஓராண்டு பிரிந்து இருந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் பிரிந்து இருப்பதில் சேரும். மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி நேரில் ஆஜராகி உறுதி சொல்ல வேண்டும். பேச்சுவார்த்தைக்கு வழியே இல்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தைக் குறைக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் ஜீவனாம்சம் கேட்கிற உரிமையும் எல்லோருக்கும் பொது.

மனமொத்த மனுவில் "நகைகள் திருப்பித் தரப்படும்" என்று எழுதவிடாதீர்கள். எத்தனை பவுன், எந்தத் தேதி, எந்த இடத்தில் என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தொகை பேசியிருந்தால், இரண்டாவது தடவை கோர்ட்டில் உறுதி சொல்வதற்கு முன்பு டி.டி. உங்கள் கையில் இருக்க வேண்டும். குழுக் கடனை யார் கட்டுவது, குழந்தையின் பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டிப்போய் எத்தனை மணிக்கு விடுவது, தீபாவளிக்கு எங்கே என்பது வரை எழுதுங்கள். அஞ்சு வயதுக்குள் இருக்கும் குழந்தை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்கும். தாத்தா பாட்டி குழந்தையைப் பார்க்கவும் ஒரு நேரம் ஒதுக்குங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். என் மகனுக்கு அவன் ஆயாவைப் பிடிக்கும். என்னோடு ஒத்துப்போகாதவர் அவனுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்து வளர்த்தவர்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். ரேஷன் கார்டில் பேர் நீக்கி உங்களுக்கும் பிள்ளைக்கும் தனிக் கார்டு எழுதப் போடும்போது ஒன்று கேட்பார்கள். பாங்கு, எல்.ஐ.சி., பி.எஃப். மூன்றிலும் நாமினி பேர் மாற்ற ஒன்று வேண்டும். மிச்சம் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கட்டும். குழந்தையின் பள்ளிக்கூடத்தில் எப்போதாவது கேட்பார்கள்.